காலணி ஈரம்

மறைமாவட்ட அலுவலகம் என்னிடம் கொடுத்தது
ஒன்பது நோட்டுப் புத்தகங்கள்,
ஓர் எழுத்து மட்டும் சிக்கிக்கொள்ளும் தட்டச்சு எந்திரம்.
மூன்று படி எடுக்க வேண்டும்.
ஒன்று ஆயருக்கு. ஒன்று ரோமுக்கு.
மூன்றாவது யாருக்கென்று யாரும் சொல்லவில்லை.

சகோதரி எர்மெலின் கியூபெக்கில் பிறந்தவர்.
மலுட்டி மலையில், ஹா மொபேலியில்,
முப்பத்தெட்டு வருடம் பல் பிடுங்கினார்.
பேறு பார்த்தார், எலும்பு கட்டினார், ஜெபம் கற்றுக்கொடுத்தார்,
எல்லாம்தான்.
மலைக்கு நினைவிருப்பது குறடும்
நெஞ்சின்மேல் ஊன்றிய அவருடைய முழங்காலும்.

விசாரணைக் குழு தேடுவது
ஒளி, நறுமணம், உள்ளங்கையில் காயம்.
நான் தட்டச்சு செய்வது
ஓட்ஸ் இரண்டு மூட்டை.
கோவேறு கழுதை பார்னபே நொண்டுகிறது, அடித்துவிட்டேன்.
கடைவாய்ப்பல், வேர் முறிந்தது, மன்னியும்.
பிறகு அதே மையில், அதே சாய்வில்,
வந்தார். காலணி ஈரம்.

அவ்வளவுதான்.
அடுத்த வரியில் அயோடின் விலை.

முதல் மூன்று நோட்டும் பிரெஞ்சு.
அங்கே வருகிறவர் எப்போதும் ஆண்,
பெரிய எழுத்தில் தொடங்குகிறவர்.
நான்காவதிலிருந்து எங்கள் செசோத்தோ,
பிழை மலிந்த செசோத்தோ.
குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:
"வந்தது ஆணா, பெண்ணா, ஆண்டவரா?"
எங்கள் மொழியில் அந்தச் சொல்
அதையெல்லாம் விசாரிப்பதில்லை, தந்தையே, என்றேன்.
'தெளிவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

ஒரு ஜூலைத் தேதியில் விரல் நின்றது.
அந்தக் குளிர்காலத்தில்தான் என் அப்பா
ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்திலிருந்து
நுரையீரல் நிறையக் கல்தூளோடு ஆற்றைக் கடந்து வந்தார்.
மருந்தகக் கட்டிலில் பதினோரு நாள்.
அம்மாவைக் கேட்டேன்.
ஜூலை இல்லை, ஆகஸ்ட் என்றாள்,
சோளம் பிடித்த கையால் இரண்டு முறை எண்ணிப் பார்த்து.
சரி.
அப்படியென்றால் அப்பா இல்லை.

ஆறாவது நோட்டு.
பெண்பிள்ளைகளின் சடங்கு பாவம் என்று
மாக்கோபானோவின் முரசைப் பிடுங்கி
படுக்கை விரிப்புகளுக்கு அடியில் பூட்டியவரும் இவர்தான்.
நான்கு வருடம்.
தோலை எலி தின்றுவிட்டது.
ஏன் மனம் மாறினார் என்று எங்கும் எழுதவில்லை.
ஆட்டுத்தோல் வாங்கி, ஊறவைத்து, தானே இழுத்துக் கட்டி,
தலையில் சுமந்து பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கிறார்.
கொடுத்தேன். அடித்துப் பார்த்தார்.
சத்தம் சரியில்லை. சிரித்தார்.
இரவெல்லாம் தூக்கமில்லை, சந்தோஷம்.
குழு இந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது:
பரவசமா?

கடைசி நோட்டில் கண்புரை.
எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன,
தொழுவத்தில் ஆடுகள் மாதிரி.
வரவில்லை.
வரவில்லை.
வரவில்லை. கதவைச் சாத்தவில்லை. குளிர்.
சிக்கிக்கொள்ளும் எழுத்தை நகத்தால் நிமிர்த்தி
மூன்று படியிலும் அடித்தேன்.
கதவு பற்றிய வரியை ரோமுக்குப் போகும் படியில் விட்டுவிட்டேன்.
ஏனென்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.
அது எங்கள் வீட்டுச் சமாச்சாரம் போலிருந்தது.

நேற்று, பனி விழுந்துகொண்டிருக்கையில்,
கன்னம் வீங்கிய ஒரு பையன் வந்தான்.
நர்ஸ் கீழூருக்குப் போயிருந்தாள்.
எனக்குப் பல் பிடுங்கத் தெரியாது.
குறடு சாட்சிப் பொருள்களின் பெட்டியில்,
எண் பதினேழு, ஆயரின் அரக்கு முத்திரையோடு.
உடைத்தேன்.
முழங்காலை எங்கே வைப்பதென்று
உடம்புக்குத் தெரிந்திருந்தது. எட்டு வயதில்
நான் அதற்கு அடியில் படுத்திருக்கிறேன்.

பல் வந்தது. வேர் முறிந்தது.
அவன் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டு
போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடினான்.
முத்திரைத் துண்டுகளைப் பொறுக்கும்போது
வாசல் தரையைப் பார்த்தேன்.
ஈரம் இருந்தது.
அவனுக்குக் காலணியே இல்லை.